பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு, கல்லூரி கவுன்ட்டருக்குள் உட்கார்ந்திருந்தவள் எழுதும் மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

2019ல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள் என்றாலும் என் வாயில் இன்னும் வட ஆற்காடு என்றுதான் வருகிறது. இந்த வட ஆற்காட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேராசிரியர் இல்லை. அட்மிஷன், ஸ்காலர்ஷிப், தேர்வுப் பிரிவு என்று மாறி மாறி உட்கார்ந்திருக்கிறேன். கம்பி போட்ட ஜன்னல், அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. பிள்ளைகளின் முகம் பாதிதான் தெரியும். சான்றிதழ் மட்டும் முழுதாகத் தெரியும். கல்லூரியைப் பற்றிப் பிள்ளைகள் என்னென்ன தப்பாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அந்த ஓட்டை வழியாக நான் கேட்ட சில பேச்சுகளை உங்களிடம் சேர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வேலையில் இருக்கும்போது எழுதினால் வம்பு. இப்போது பென்ஷன்காரி, எழுதலாம்.

முதலாண்டு வகுப்பு தொடங்கிய முதல் வாரம். ஒடுகத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் ஜன்னலில் வந்து நின்றான்.

"மேடம், பெல்லு எப்போ அடிப்பாங்க?"

"எந்த பெல்?"

"வீட்டுக்குப் போற பெல்லு."

சிரித்துவிட்டு, வகுப்பு முடிந்தால் போகலாம்ப்பா, பெல்லெல்லாம் கிடையாது என்றேன். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை. நவம்பரில் அதே பையன் அதே ஜன்னலில் நின்றான். ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். வருகை 58 சதவீதம்.

"யாரும் இன்னான்னே கேக்கலியே மேடம்" என்றான். குரலில் கோபம் இல்லை, ஏமாந்துபோன மாதிரி இருந்தது. "எங்க பிளஸ் டூ சார் சொன்னாரு, இந்த ரெண்டு வருஷம் ஒண்டி பல்லைக் கடிச்சிக்கோ, காலேஜ் போயிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, ஜாலின்னு."

அந்த சார் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? காட்பாடியிலிருந்து நாட்டறம்பள்ளி வரைக்கும் அந்த சார் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார். என் மகனுக்கும் அந்த சார் இருந்தார். உண்மையைச் சொன்னால் என் மகன் பிளஸ் டூ படிக்கும்போது அந்த வசனத்தை வீட்டில் நானே பத்து தடவை சொல்லியிருக்கிறேன்.

அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் இதில் சங்கடம். கல்லூரியில் நிஜமாகவே யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் போகும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்பீர்கள். சில ஊர்களில் வகுப்பாசிரியரே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போய் நின்றதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். கடைசியில் ஒரு பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதுவும் இங்கிலீஷில், 'ஷார்ட்டேஜ் ஆஃப் அட்டெண்டன்ஸ்' என்று தலைப்புப் போட்டு, பொடி எழுத்தில். அந்தப் பட்டியலைப் பல வருடம் டைப் செய்தவள் நான்தான். தமிழில் அடித்திருக்கலாம், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாம். தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிட்டால்தான் உங்களைக் கேட்க எனக்கு வாய் வரும்.

அந்தப் பையனின் கணக்கைக் கேளுங்கள். 75 சதவீத வருகை கட்டாயம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், 22 நாள் வராமல் இருக்கலாம். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் காரணம் காட்டி, அபராதம் கட்டி, தேர்வு எழுத வழி உண்டு. அதற்கும் கீழே போனால் அந்தத் தேர்வு போனதுதான். இவன் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சாயந்திரம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்த நாஷ்டா, மதியப் பந்தி. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் வகுப்பு போகும். ஆவணியிலும் ஐப்பசியிலும் முகூர்த்தம் எவ்வளவு என்று காலண்டரைப் பாருங்கள். பதினொரு கல்யாணத்தில் 22 நாள் தீர்ந்துவிடும். இவன் பத்தொன்பது கல்யாணத்துக்குப் பரிமாறியிருந்தான்.

சோம்பேறிப் பையன் இல்லை அவன். ராத்திரி ஒரு மணிக்கு எச்சில் இலை எடுத்துவிட்டுத் தூங்குகிறவனை யார் சோம்பேறி என்பது? 22 என்ற எண்ணை யாராவது ஜூலையில் சொல்லியிருந்தால் அவன் பதினோராவது கல்யாணத்தோடு நிறுத்தியிருப்பான். எண்ணத் தெரிந்த பையன். பந்திக்கு இலை எண்ணுகிறவன்தானே.

அப்புறம் மதிப்பெண்.

பள்ளியில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வில் 70க்கு 15 எடுத்து, மொத்தத்தில் 35 வந்தால் தேர்ச்சி. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரையேறுமா ஏறாதா என்றிருக்கும் பிள்ளைகளை அந்த 15க்குக் கொண்டுவர நீங்கள் சாயந்திர வகுப்பில் படும் பாடு எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் இருந்த முறை வேறு. 25 இன்டர்னல், 75 செமஸ்டர் தேர்வு. மொத்தம் 40 வர வேண்டும், அதோடு அந்த 75ல் தனியாக 30 எடுத்திருக்க வேண்டும். ஒரு பெண் இன்டர்னலில் 24 வாங்கியிருந்தாள். செமஸ்டரில் 28. கூட்டினால் 52. பாஸ் என்று நினைத்துக்கொண்டு தோழிகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டாள். மார்க் ஷீட் வாங்க வந்தபோது அந்தப் பாடத்துக்கு நேராக அரியர் என்று இருக்கிறது. தப்பாக அச்சாகிவிட்டது, திருத்திக் கொடுங்கள் என்று என்னிடம் சண்டை போட்டாள். பள்ளியில் 600க்கு 520க்கு மேல் எடுத்த பெண் அவள். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து அழுததைப் பார்த்தபோது, அரியர் என்பதைவிட, தான் ஃபெயில் ஆகக்கூடிய ஆள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருந்தது.

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இது முதல் செமஸ்டரில் நடக்கும். புக் பேக் கேள்வி கிடையாது, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று காட்டும் புளூ பிரின்ட் கிடையாது, பாடப்புத்தகம் என்று ஒன்றே ஒன்று கையில் கிடையாது. பாடத்திட்டம் ஒரு பக்கம் இருக்கும், அதற்கு மூன்று நூல்கள் போட்டிருப்பார்கள், நூலகத்தில் அதில் ஒன்றுக்கு ஒரு பிரதி இருக்கும். நன்றாகப் படிக்கிறவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று என் பக்கத்து நாற்காலி சூப்பரின்டெண்டன்ட் சொல்வார். அரைகுறையாகப் படித்தவன் பழக்கப்பட்டவன், விழுந்தால் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். 520காரிக்கு விழுந்து பழக்கமில்லை. அவர்களில் சிலர் இரண்டாம் செமஸ்டருக்கு வருவதே இல்லை. டி.சி. கேட்டு வரும்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் ஒன்று உண்டு. 'அரியர் இல்லாதவன் அரை மனிதன்' என்று வசனம் பேசும் கூட்டம். எல்லாவற்றையும் கடைசி வருடத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்பான். ரெகுலர் பேப்பர் காலையில், அரியர் பேப்பர் மதியம் என்று அட்டவணை வரும்போதுதான் விழிப்பான். நடுவில் பாடத்திட்டமும் மாறியிருக்கும். அவனைப் பற்றி நிறைய எழுதத் தோன்றவில்லை, அவன் எப்படியாவது எழுதி முடித்துவிடுவான்.

இனிமேல் எழுதப் போவது சிலருக்குக் கசக்கும்.

மார்ச்சில் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளின் வீட்டுப் போனுக்குத் தனியார் கல்லூரி ஏஜெண்டுகளிடமிருந்து அழைப்பு வருகிறது. "தம்பி, சீட் ரெடி, உனக்கு எல்லாமே ஃப்ரீ, ஒரிஜினலை மட்டும் கொண்டு வந்து கொடுத்துடு." இந்தப் போன் நம்பர்கள் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன? ஒரு தலைமையாசிரியரிடமே கேட்டேன். "பஸ் விட்டு கேம்பஸ் சுத்திக் காட்டக் கூட்டிப் போனாங்க, அப்போ எழுதி வாங்கியிருப்பாங்க" என்றார். அந்த பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிட்டது யார் என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த மடலைப் படிக்கிறவர்களில் அந்த பஸ்ஸில் கூடவே போய்வந்தவர்களும் இருப்பீர்கள். மதிய பிரியாணி நன்றாக இருந்தது என்றும் கேள்வி.

இங்கே பிள்ளைகளிடம் இருக்கும் தவறான எண்ணம், எப்படிச் சேர்ந்தாலும் சேர்க்கை சேர்க்கைதான் என்பது. இன்ஜினியரிங் சேர்க்கைக்கு 2007லிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப், அதை வைத்து ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைக்கு 2021லிருந்து 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை வேறு. இவ்வளவும் கலந்தாய்வு வழியாகப் போனால்தான். ஏஜெண்ட் கையைப் பிடித்துக்கொண்டு நிர்வாக ஒதுக்கீட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் இவற்றில் எதுவும் வராது. "எல்லாமே ஃப்ரீ" என்றவர் இரண்டாம் வருடம் போனை எடுக்க மாட்டார். கலந்தாய்வில் நல்ல அரசுக் கல்லூரியே கிடைத்திருக்கக்கூடிய மார்க்கோடு வந்து, பாகாயத்தில் அரசு பொறியியல் கல்லூரி ஒன்று இருப்பதே தெரியாது என்று சொன்ன பையனை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழியாகத்தான் தினமும் அவன் பஸ் போகும்.

ஒரிஜினலைக் கொடுத்தால்தான் சீட் உறுதி என்பதும் அதே வகை. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தெளிவாகவே அறிவித்திருக்கிறது. வேறு இடம் கிடைத்துப் போக நினைக்கும் பிள்ளை, மார்க் ஷீட் ஒரு பீரோவுக்குள் மாட்டிக்கொண்டதால் போகாமலே இருந்துவிடுகிறது. வீட்டில் அப்பா தோல் ஷெட்டில் வேலை, யாரிடம் போய் வாதாடுவார்? ஒரு ஆசிரியர் கூடப் போய் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பணம் பற்றிய எண்ணங்கள் இன்னும் வேடிக்கை. ஒரே கல்லூரி என்றால் ஒரே ஃபீஸ் என்று நினைக்கிறார்கள். அரசு உதவி பெறும் கல்லூரியில் உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று. பெரும்பாலும் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட். அதே கட்டிடம், அதே பெஞ்சு, கட்டணம் மட்டும் பல மடங்கு. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்று தெரியாமல் மதியத்தில் சேர்ந்துவிட்டு, பணம் கட்ட முடியாமல் அக்டோபரில் நின்றவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், பணம் இல்லை என்பதற்காக விண்ணப்பமே போடாதவர்கள். ஓட்டேரி முத்துரங்கம், குடியாத்தம் திருமகள் ஆலைக் கல்லூரி, வாலாஜாவில் பெண்களுக்கான அறிஞர் அண்ணா கல்லூரி என்று நம்மைச் சுற்றி அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பஸ் பாஸ் உண்டு. விண்ணப்பம் ஆன்லைனில்தான், மே மாதத்தில் வரும், கடைசி தேதி யாருக்காகவும் காத்திருக்காது. கோடை லீவுக்கு பெங்களூரில் வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரும்போது முடிந்திருக்கும்.

இப்போது என்னுடைய பைத்தியத்துக்கு வருகிறேன். இனிஷியல்.

சிரிக்காதீர்கள். என் 31 வருடத்தில் இன்டர்னல், அரியர், அட்டெண்டன்ஸ் எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளை அதிகம் அலைய விட்டது இந்த ஒற்றை எழுத்துதான். பேரணாம்பட்டு பக்கத்துப் பெண் ஒருத்தி, அம்மா பீடி சுற்றுகிறவர். அரசுப் பள்ளியில் படித்தவள், ஆகவே புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவளுக்கு வர வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், இப்போது பையன்களுக்கும் 2024லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று வருகிறது. வகுப்பில் எல்லோருக்கும் ஏறிக்கொண்டிருந்தது, இவளுக்கு மட்டும் இல்லை. டி.சி.யில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக. பாங்கு புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் மொட்டையாகப் பெயர், அதுவும் அம்மாவோடு சேர்ந்த கணக்கு, ஆதாரோடு இணைக்கவே இல்லை. மூன்று ஆளும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்கு நிரூபிக்க ஏழு மாதம் ஆனது. இ-சேவை மையம், தபால் ஆபீஸ், பாங்கு, தாலுகா ஆபீஸ், மறுபடி நான். ஒவ்வொரு நடைக்கும் அவள் ஒரு நாள் வகுப்பை விட்டாள். அந்த 22 நாள் கணக்கில் இதுவும் சேர்கிறது, கவனியுங்கள். ஒரு மாதத் தொகைக்கு அம்மா எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று அவளே எனக்குக் கணக்குச் சொன்னாள். பணம் ஏறிய அன்று ஜன்னலில் வந்து, "மேடம், நானும் நானும் ஒரே ஆளுன்னு ஒத்துக்கிட்டாங்க" என்றாள்.

இது பள்ளியிலேயே தீர வேண்டிய விஷயம். பள்ளிப் பிள்ளைகளின் விவரம் ஏறும் எமிஸ் பதிவு உங்கள் கையில். பத்தாம் வகுப்பு பெயர்ப்பட்டியல் போகும்போது திருத்த வாய்ப்பு உங்கள் கையில். கல்லூரிக்கு வந்தபின் யு.எம்.ஐ.எஸ். என்று இன்னொரு பதிவு இருக்கிறது, அதில் தப்பு ஏறிவிட்டால் பிடுங்குவது கஷ்டம். அரசுப் பள்ளி என்பதால் எல்லாம் தானாக வரும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். எதுவும் தானாக வராது. ஆதார் இணைத்த, பிள்ளை பெயரில் மட்டும் உள்ள ஒரு பாங்கு கணக்கு வேண்டும். எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இருபது நிமிட வேலை.

இங்கிலீஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். "அங்க போனா எல்லாமே இங்கிலீஷ்தான், அப்போ தெரியும்" என்று வகுப்பில் மிரட்டுவோம் இல்லையா, அதை மனதில் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளை முதல் ஆறு மாதம் வாயே திறப்பதில்லை. என் ஜன்னலுக்கு வந்தும் "எக்ஸ்கியூஸ் மீ மேடம்" என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த வார்த்தை கிடைக்காமல் திரும்பிப் போய்விடும். சொல்லும்மா என்று நான் தமிழில் கூப்பிட்டால்தான் வரும். அரசு கலைக் கல்லூரிகளில் வரலாறு, பொருளியல், கணிதம் என்று பல பாடங்களில் தமிழ் வழிப் பிரிவே இருக்கிறது. அதை ஏதோ இரண்டாம் தரம் என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை என்று 2010ல் சட்டமே வந்திருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்த பிள்ளை, கௌரவத்துக்காக மூன்று வருடம் ஆங்கில வழிக்கு மாறி, அந்த 20 சதவீதத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. தெரிந்தே விட்டால் அது அவர்கள் விருப்பம். தெரியாமல் விடுகிறார்கள்.

(இதற்கு மறுபக்கம்: பெரும்பாலான பாடப்பிரிவுகளில் முதல் இரண்டு வருடம் பகுதி ஒன்று என்று மொழிப்பாடம் இருக்கும். பி.எஸ்சி. பிசிக்ஸ் பையனுக்கும் தமிழ்த் தேர்வு உண்டு, வாணியம்பாடிப் பக்கம் உருது எடுப்பவர்களும் உண்டு. "காலேஜ்லயும் தமிழ் பரீட்சையா?" என்று அலறாதவனை நான் பார்த்ததில்லை. அரியர் பட்டியலிலும் அந்தப் பேப்பர் தவறாமல் இருக்கும்.)

எந்தப் பாடம் என்பதில் நடக்கும் அழுகை தனி. பிளஸ் ஒன்னில் குரூப் தப்பாகிவிட்டது, காலேஜில் கேட்ட பாடம் கிடைக்கவில்லை, வாழ்க்கை முடிந்தது என்று பதினேழு வயதில் சொல்வார்கள். பி.காமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடைக்காமல் வரலாற்றில் சேரும் பிள்ளை, துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து ஃபீஸ் கட்டும். அவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வேன். நம்ம ஊர்க் கதைதான். திருத்தணி அப்போது வட ஆற்காட்டில் இருந்தது. அங்கே பிறந்த ஒரு பையன் நம் ஊரீசு கல்லூரியில் படித்துவிட்டு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனான். தத்துவம் எடுத்தான். ஆசைப்பட்டு இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், புத்தகச் செலவு மிச்சம் என்று அதிலேயே சேர்ந்தான். அந்தப் பையன்தான் ராதாகிருஷ்ணன். நீங்கள் ஆசிரியர் தினம் கொண்டாடுவது அவர் பிறந்த நாளில்தான்.

பழைய புத்தகம் கிடைத்ததால் எல்லோரும் குடியரசுத் தலைவர் ஆகிவிட மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் குரூப் 2, குரூப் 1, வங்கித் தேர்வு, ஐ.ஏ.எஸ். எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும் என்ற சாதாரணத் தகவலே நிறையப் பேருக்குத் தெரியவில்லை. பட்டம் கைக்கு வந்தால் வேலை கூடவே வரும் என்று நினைப்பவர்களுக்கு, விடியற்காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு நின்றுகொண்டே போகும் பட்டதாரிகளை ஒரு நாள் காட்டினால் போதும். பயமுறுத்த இல்லை. அவர்களில் பலர் ரயிலிலேயே உட்கார்ந்தோ நின்றோ படிப்பார்கள், அதையும் சேர்த்துத்தான் காட்டச் சொல்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் தேர்ச்சிப் பட்டியலைப் பார்த்தால் நம் பக்கத்து மாவட்டங்களைக் கீழேதான் தேட வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு மீட்டிங், அதில் உங்களை நிற்க வைத்துக் கேள்வி. அந்த நெருக்கடியில், தூங்கி விழும் பிள்ளையை மார்ச் வரைக்கும் இழுத்துக்கொண்டு போக 'அப்புறம் ஜாலி' என்ற வெல்லக்கட்டி தேவைப்படுகிறது. நானும் கொடுத்தவள்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மார்ச் வரை கொடுங்கள். தேர்வு முடிந்த பிறகும் அது அவர்கள் வாயிலேயே இருந்துவிடுகிறது என்பதுதான் என் முறையீடு.

மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் வாங்க அவர்கள் கடைசியாக ஒரு தடவை உங்களிடம் வருகிறார்கள். உங்கள் பேச்சைக் கேட்கிற கடைசி நாள் அது. ஜூலையிலிருந்து அவர்கள் எங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள், எங்களுக்கு அவர்கள் பெயரே தெரியாது. அந்த நாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாமல் ஒரு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். 22 நாள் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். 75க்கு 30 என்பதைச் சொல்லுங்கள். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனால் டி.சி. வாங்காதே, எனக்குப் போன் போடு என்று உங்கள் நம்பரைக் கொடுங்கள். ஏஜெண்டிடம் பிள்ளைகளின் நம்பர் இருக்கிறது, பிள்ளைகளிடம் உங்கள் நம்பர் இருக்கட்டும். டி.சி., ஆதார், பாங்கு புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆள் போதாது என்றால் என்னைக் கூப்பிடுங்கள். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், எங்கே என்றாலும் வருகிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆகவே செலவும் இல்லை. மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டால் போதும். கம்பி ஜன்னல் வேண்டாம். ஸ்டேப்லரும் பசையும் நானே கொண்டு வருவேன், உங்கள் ஆபீஸில் கேட்டால் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி அலுவலக ஊழியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.